ஏத்தர் மாணவர் கம்பெனியா? வழிகாட்டிகள் கொஞ்சம் பதில் சொல்லுங்கள்

பம்ப்செட் பழனி (இழையைத் தொடங்கியவர்)

பக்கத்து இழையில் 'வழிகாட்டி வாசு' என்ற நண்பர் ஒரு பெரிய அறிக்கை விட்டிருக்கிறார். படிக்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். நல்ல வழிகாட்டி அமைந்தால் மூன்றாம் வருட மாணவன்கூடக் கம்பெனி தொடங்கிவிடலாமாம். ஊருக்கு ஊர் கல்லூரியில் இன்குபேஷன் சென்டர் (புதுக் கம்பெனிகளுக்கு இடமும் கருவியும் ஆலோசனையும் கொடுத்து வளர்க்கும் மையம்) வைத்தால் ஸ்டார்ட்அப் சமூகம் தானாக வளர்ந்துவிடுமாம். ஆதாரம்? மின்சார ஸ்கூட்டர் செய்யும் ஏத்தர் எனர்ஜி. "சென்னை ஐஐடி மாணவர்கள் கல்லூரிக்குள் உருவாக்கிய கம்பெனி" என்று எழுதியிருக்கிறார். கீழே முப்பது பேர் கைதட்டல் வேறு.

ஏத்தரைத் தொடங்கியபோது தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் மாணவர்கள் இல்லை. 2012ல் படிப்பை முடித்துவிட்டார்கள். ஒருவர் அசோக் லேலண்ட், இன்னொருவர் ஜெனரல் மோட்டார்ஸ் என்று வேலைக்குப் போனார்கள். அந்த வேலையை விட்டுவிட்டு வந்துதான் 2013ல் கம்பெனி போட்டார்கள். வேலைக்குப் போனவன் எப்படி மாணவன் ஆவான்? இதற்கு மட்டும் பதில் வேண்டும். வேறு கதை வேண்டாம்.

வழிகாட்டி வாசு

பழனி ஐயா, வணக்கம். வழக்கம்போல முழுக் கட்டுரையையும் விட்டுவிட்டு ஒரு வரியில் தொங்குகிறீர்கள். பரவாயில்லை, பழகிவிட்டது.

இருவரும் சந்தித்தது எங்கே? ஐஐடியின் இன்ஜினியரிங் டிசைன் துறையில். கம்பெனி தொடங்கியதும் திரும்பி வந்தது எங்கே? அதே ஐஐடிக்கு. இன்குபேட் செய்தது யார்? அதே ஐஐடி. பட்டம் வாங்கிய கையோடு மூளை மாறிவிடுமா என்ன? அது மாணவர்கள் உருவாக்கிய கம்பெனிதான். நான் எழுதியதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றப்போவதில்லை.

பம்ப்செட் பழனி

பட்டம் வாங்கிய கையோடு இல்லை ஐயா. நடுவில் வேலை இருக்கிறது. வண்டிக் கம்பெனியில் வேலை. அங்கே போனபிறகுதான் ஒரு பாகம் எப்படி வாங்கப்படுகிறது, எப்படிச் சோதிக்கப்படுகிறது, சப்ளையர் எங்கே ஏமாற்றுவான் என்பதெல்லாம் கண்ணில் படும். சில மாதம் இருந்தாலும் படும். உங்கள் பவர்பாயின்டில் அது படாது.

மறுபடியும் கேட்கிறேன். 2013ல் அவர்கள் மாணவர்களா, இல்லையா?

சும்மா பார்க்க வந்தவன்

மாணவர் கம்பெனி என்றால் படிக்கும்போது பதிவு செய்ததா, படித்த இடத்தில் வளர்ந்ததா என்று முதலில் ஒன்றை முடிவு செய்துவிட்டுச் சண்டை போடலாமே?

வழிகாட்டி வாசு

ஆமாம், மாணவர்கள்தான். அந்த வளாகம் உருவாக்கிய பிள்ளைகள்.

பம்ப்செட் பழனி

மாணவர்கள் இல்லை.

மூன்றாம்வருட மெக்கானிக்கல்

அண்ணன்களே, நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் உண்மையிலேயே மாணவன். எங்கள் கல்லூரியிலும் ஒரு இன்குபேஷன் சென்டர் இருக்கிறது. கண்ணாடிக் கதவு, சுவரில் பெரிய பல்பு படம், கலர் கலராகப் பஞ்சு நாற்காலி. ஒரு த்ரீடி பிரின்டர், அதன்மேல் வாங்கிய நாளில் போட்ட பிளாஸ்டிக் உறை. அதற்குப் போடும் பிளாஸ்டிக் இழை, அதாவது ஃபிலமென்ட் வேண்டும் என்றால் எச்ஓடி கையெழுத்து, பிரின்சிபால் கையெழுத்து, அப்புறம் பர்ச்சேஸ் கமிட்டி. வருடத்தில் சில நாள் வெளியிலிருந்து குழு வரும். அன்றைக்குக் கதவு திறக்கும், உறை கழன்றுவிடும், எங்களை லேப்டாப்போடு உட்காரவைப்பார்கள். ஒரு பிள்ளையார் பொம்மை பிரின்ட் ஆகும். குழுத் தலைவருக்குப் பொன்னாடை போட்டு அந்தப் பிள்ளையாரையும் கையில் கொடுத்து அனுப்புவார்கள். மறுநாள் பூட்டு.

என் கேள்வி இதுதான். கம்பெனி தொடங்கும் மாணவனுக்கு அட்டெண்டன்ஸ் குறைந்தாலும் பரீட்சை எழுத விடலாம் என்று விதி இருக்கிறதாமே? எங்கள் எச்ஓடி அப்படி ஒன்று கிடையவே கிடையாது என்கிறார்.

வழிகாட்டி வாசு

தம்பி, இருக்கிறது. மத்திய கல்வித்துறை 2019ல் வெளியிட்ட தேசியப் புத்தாக்க, ஸ்டார்ட்அப் கொள்கையைத் தேடிப் படியுங்கள். கல்லூரியின் அனுமதியோடு, வருகை குறைந்தாலும் தேர்வெழுத விடலாம். பைனல் இயர் புராஜெக்டுக்குப் பதிலாக ஸ்டார்ட்அப்பையே காட்டலாம். ஒரு செமஸ்டர், ஒரு வருடம் விடுப்பு எடுத்துவிட்டுத் திரும்பிச் சேரலாம். ஆனால் அது வழிகாட்டு நெறிதான். உங்கள் கல்லூரி ஏற்றுக்கொண்டால்தான் நடைமுறைக்கு வரும். எச்ஓடியிடம் சண்டைக்குப் போகாமல் அச்செடுத்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

பார்த்தீர்களா பழனி ஐயா, இதற்குப் பெயர்தான் வழிகாட்டுதல். தேதி பார்த்துத் தீர்ப்புச் சொல்வது இல்லை.

பம்ப்செட் பழனி

நல்லது. அதே கொள்கையில் இன்னொரு பக்கம் இருக்கிறதே, அதை ஏன் தம்பியிடம் சொல்லவில்லை? கல்லூரியின் இடம், பெயர், ஆய்வகம், ஆசிரியர் உதவி இதையெல்லாம் கொடுத்ததற்காக மாணவன் கம்பெனியில் 2 முதல் 9.5 சதவீதம் வரை கல்லூரி பங்கு எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது. பூட்டிய ரூமுக்கும், உறை போட்ட பிரின்டருக்கும் 9.5 கேட்டாலும் கேட்பார்கள். தம்பி, கையெழுத்துப் போடும்முன் அந்தப் பக்கத்தையும் சேர்த்து அச்செடுத்துக்கொள்.

வழிகாட்டுதல் என்றால் என்ன என்று வாசு எனக்குச் சொல்லித்தருகிறார். சரி, நானும் சொல்கிறேன். எங்கள் பக்கத்து மாணவர்கள் சிலர் என் பட்டறைக்கு வந்தார்கள். கிணற்று மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் செய்திருந்தார்கள். வீட்டிலிருந்து மிஸ்டு கால் கொடுத்தால் தோட்டத்தில் மோட்டார் ஓடும். மூன்று ஃபேஸில் ஒன்று போனால் மோட்டார் கருகாமல் இருக்கத் தானாக நின்றுவிடும். கல்லூரியில் முதல் பரிசு, ஃபிளெக்ஸ் பேனர், பத்திரிகையில் போட்டோ, எல்லாம் ஆகிவிட்டது. "உங்கள் மென்டார் என்ன சொன்னார்?" என்று கேட்டேன். "முதலீட்டாளருக்குக் காட்டும் பிட்ச் டெக்கில் மார்க்கெட் சைஸ் ஸ்லைடு சேர்க்கச் சொன்னார் சார்" என்றார்கள்.

பெட்டியைத் தூக்கி வண்டியில் போடச் சொல்லி சூலூர் பக்கம் ஒரு தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன். தோட்டக்காரர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "ஒரு ஃபேஸ் போனா நின்னுருமுங்களா? அப்ப எனக்கு ஆகாதுங்க. ராத்திரி ரெண்டு ஃபேஸ்தான் வரும். நான் கெப்பாசிட்டர் போட்டுத்தான் தண்ணி பாய்ச்சறேன்." எந்த வசதிக்காகப் பரிசு வாங்கினார்களோ, அதற்காகவே வாங்குகிறவர் வேண்டாம் என்கிறார். பையன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். திரும்பி வந்து முதல் வேலையாக அந்தத் தடுப்பைத் தேவைப்பட்டால் மட்டும் போடுகிற மாதிரி ஒரு ஸ்விட்ச் வைத்தார்கள். லோ வோல்டேஜில் ரிலே கடகடவென்று அடிப்பதையும் அங்கேதான் பார்த்தார்கள். கல்லூரி லேபில் கரண்ட் சுத்தமாக வருகிறது, அது எப்படித் தெரியும்?

ஏத்தர்காரர்கள் வேலைக்குப் போய்க் கற்றது இந்த மாதிரி விஷயத்தைத்தான். அதனால்தான் சொல்கிறேன், மாணவர் கம்பெனி இல்லை.

வழிகாட்டி வாசு

அருமை ஐயா. கெப்பாசிட்டர் போட்டு ரெண்டு ஃபேஸில் மோட்டார் ஓட்டினால் உள்ளே சுற்றிய கம்பி, அதாவது காயில், கருகும். மின்வாரியம் செய்யாதே என்று சொல்கிற வேலை. அதற்குத் தோதாகப் பாதுகாப்பையே கழற்ற வைத்துவிட்டு இங்கே வந்து வழிகாட்டுதல் என்று பீற்றிக்கொள்கிறீர்கள். மாணவர்களை நல்ல கையில்தான் ஒப்படைத்திருக்கிறார்கள்!

பம்ப்செட் பழனி

கழற்றவில்லை. ஸ்விட்ச் வைத்தார்கள். படிக்கத் தெரிந்தவர்கள் மேலே படித்துக்கொள்ளலாம். காயில் கட்டுகிறவனிடம் காயில் கருகுவதைப் பற்றிப் பாடம் எடுக்கிறார் பேராசிரியர்.

நெல்லை நாச்சியார்

இரண்டு பேரும் ஸ்விட்சை விடுங்கள். பங்கு பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். நான் தொழில் தொடங்கிய புதிதில் ஒரு 'மென்டார்' இரண்டு முறை போனில் பேசினார், ஒரு விழாவில் மேடையில் என் பெயரைச் சொன்னார். அப்புறம் பத்து சதவீதம் பங்கு எழுதித்தா என்று ஒப்பந்தம் அனுப்பினார். புதுக் கம்பெனிகளுக்கு நிதி தரும் தமிழக அரசின் டான்சீட் திட்டமே 10 லட்சம் ரூபாய் கையில் கொடுத்துவிட்டு 3 சதவீதம்தான் எடுக்கிறது. வெளிநாட்டில் ஆலோசகர்களுக்கென்று பரவலாகப் புழங்கும் ஒப்பந்த மாதிரி ஒன்று இருக்கிறது. அதில் தொடக்கநிலைக் கம்பெனிக்கே கால் சதவீதத்திலிருந்து ஒரு சதவீதம் வரைதான், அதுவும் இரண்டு வருடம் உழைக்க உழைக்கத்தான் சேரும். இவருக்கு இரண்டு போனுக்குப் பத்து. கல்யாணத்துக்கு வந்தவரெல்லாம் சம்பந்தி ஆகிவிட முடியுமா?

வாசு சார், உங்கள் கட்டுரையில் வழிகாட்டியின் தியாகம் பற்றி நாலு பத்தி இருக்கிறது. பங்கு பற்றி ஒரு வரி இல்லை.

வழிகாட்டி வாசு

மேடம், எல்லாரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். நான் எந்த மாணவரிடமும் ஒரு பைசா வாங்கியதில்லை.

பம்ப்செட் பழனி

பைசா வாங்கவில்லை. பதவி உயர்வுக்குப் புள்ளி வாங்கியிருக்கிறீர்கள்.

பெங்களூர்த் தமிழன்

ஏத்தர் ஏத்தர் என்று அடித்துக்கொள்கிறீர்கள். அது பெங்களூர்க் கம்பெனி ஐயா. 2014ல் பணம் போட்ட ஃபிளிப்கார்ட்டின் சச்சின் பன்சாலும் பின்னி பன்சாலும் பெங்களூர். 2016ல் முதல் வண்டியைத் திரை விலக்கிக் காட்டியது பெங்களூர். 2018ல் முதலில் விற்றதும் பெங்களூர். உங்கள் சென்னைச் சமூகம் அவ்வளவு அருமையாக வளர்த்திருந்தால் ஏன் மூட்டை கட்டிக்கொண்டு இங்கே வந்தார்கள்?

அப்புறம், நிஜமான மாணவத் தொழில்முனைவோர் வேண்டுமா? ஹோட்டல் அறைக் கம்பெனி ஓயோவைத் தொடங்கிய ரித்தேஷ் அகர்வாலைப் பாருங்கள். 2013ல் அமெரிக்க முதலீட்டாளர் பீட்டர் தீலின் ஃபெல்லோஷிப் கிடைத்தது, ஒரு லட்சம் டாலர். நிபந்தனையே கல்லூரிக்குப் போகாதே என்பதுதான். கல்லூரி மென்டாரும் வேண்டாம், கல்லூரி சென்டரும் வேண்டாம்.

ஓசூர் ராஜா

வண்டி எங்கே தயாராகிறது என்று பெங்களூர்க்காரர் சொல்ல மறந்துவிட்டார். ஓசூர். தமிழ்நாடு. நீங்கள் டிராஃபிக்கில் ஓட்டிப் பார்க்கிறீர்கள், நாங்கள் செய்து அனுப்புகிறோம்.

பெங்களூர்த் தமிழன்

அடுத்த ஆலையை மகாராஷ்டிராவில் அறிவித்தார்களே, அப்போது எங்கே போயிருந்தீர்கள்?

ஓசூர் ராஜா

இன்னொன்று கட்டுகிறார்கள் என்றால் இங்கே மூடுகிறார்கள் என்று அர்த்தமா? உங்களுக்குக் காவிரியிலிருந்து ஸ்கூட்டர் வரை எல்லாவற்றிலும் இதே பேச்சு.

பெங்களூர்த் தமிழன்

காவிரியை இழுக்காதீர்கள். நான் பிறந்தது தர்மபுரி.

பம்ப்செட் பழனி

ஓசூரும் பெங்களூரும் தனி இழை போட்டுக்கொள்ளுங்கள். எங்கே செய்தார்கள் என்பது என் கேள்வி இல்லை. யார் செய்தார்கள் என்பதுதான். மாணவர்கள் செய்யவில்லை.

ராக்கெட் கம்பெனி அக்னிகுல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதையும் எல்லா மேடையிலும் 'மாணவர் சாதனை' என்று பேசுகிறார்கள். 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து த்ரீடி பிரின்ட் செய்த என்ஜினோடு ராக்கெட் விட்டார்கள், பெருமையான விஷயம், மறுக்கவில்லை. ஆனால் அதைத் தொடங்கிய ஸ்ரீநாத் ரவிச்சந்திரன் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்காவில் நிதித்துறையில் வேலை பார்த்தவர். பிறகுதான் ஐஐடியின் சத்ய சக்ரவர்த்தி என்ற பேராசிரியரோடு சேர்ந்து 2017ல் தொடங்கினார். ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற மென்பொருள் கம்பெனியின் கிரீஷ்? இன்னொரு மென்பொருள் கம்பெனியான ஸோஹோவில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு 2010ல் தொடங்கினார். வரிசையாக யாரைச் சொன்னாலும் முதலில் வேலை, அப்புறம் கம்பெனி. வாசுவின் அடுத்த கட்டுரைக்கு இலவசமாகக் குறிப்பு கொடுத்திருக்கிறேன்.

வழிகாட்டி வாசு

அக்னிகுல்லில் பேராசிரியர் பெயரை நீங்களே சொல்லிவிட்டீர்கள். நன்றி. என் கட்சி அதுதான். பேராசிரியர் இல்லாமல், அந்த வளாகம் இல்லாமல், 2010ல் வந்த ரிசர்ச் பார்க் இல்லாமல் இது நடக்குமா? மாணவர்களே நடத்தும் சிஎஃப்ஐ என்ற பட்டறை 2008லிருந்து அங்கே ஓடுகிறது. திருச்சி ஆர்இசியில் (இன்றைய என்ஐடி) 1986லேயே தொழில்முனைவோர் பூங்கா வந்துவிட்டது. இதெல்லாம் சமூகம் ஐயா. ஒரு நாளில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சூலூர் போவது இல்லை.

பழனி ஐயாவின் கோபம் எனக்குப் புரிகிறது. போன வருடம் ஒரு கல்லூரியின் மென்டார் பட்டியலில் அவர் பெயர் விடுபட்டுவிட்டது. அதிலிருந்து இன்குபேஷன் என்ற சொல்லைக் கேட்டாலே இப்படித்தான். நான் அந்தக் கமிட்டியில் இல்லை என்பதை மறுபடியும் தெரிவித்துக்கொள்கிறேன்.

பம்ப்செட் பழனி

விடுபடவில்லை. நானே எடுக்கச் சொன்னேன். மென்டார் என்றால் மாதம் ஒரு முறை வந்து ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு, க்ரூப் போட்டோவில் நடுவில் நிற்க வேண்டுமாம். மாணவன் யார் என்றே தெரியாமல் 'நேரம் செலவிட்டது: இரண்டு மணி' என்று எழுத வேண்டுமாம். எனக்குக் கை வரவில்லை. கமிட்டியில் இல்லாத உங்களுக்கு இது எப்படித் தெரிந்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுங்கள்.

மூன்றாம்வருட மெக்கானிக்கல்

கொள்கையை அச்செடுத்துக் கொண்டுபோய்க் காட்டினேன். "இது ஐஐடிக்கு" என்றார் எச்ஓடி. பழனி அண்ணா, உங்கள் பட்டறைக்கு வரலாமா? தேங்காய் மட்டை உரிக்கும் மெஷின் ஒன்று செய்து வைத்திருக்கிறேன்.

நெல்லை நாச்சியார்

தம்பி, எங்கே வேண்டுமானாலும் போ. போகும் முன் பங்கு எத்தனை என்று கேட்டுக்கொள்.

பம்ப்செட் பழனி

சனிக்கிழமை வா. மட்டையோடு வா, இருபது முப்பது காயாவது வேண்டும், பச்சையும் காய்ந்ததும் கலந்து. ஸ்லைடு வேண்டாம். பங்கும் வேண்டாம், நாச்சியார் அம்மா கவலைப்பட வேண்டாம்.

வழிகாட்டி வாசு

இப்போது ஒரு மாணவர் தொழில் தொடங்க வழிகாட்டுகிறீர்கள். அதாவது மாணவரால் முடியும் என்று ஒத்துக்கொள்கிறீர்கள்.

பம்ப்செட் பழனி

மெஷினைப் பார்க்கிறேன் என்றுதான் சொன்னேன். கம்பெனி என்று யார் சொன்னது? முதலில் எங்கேயாவது இரண்டு வருடம் வேலைக்குப் போகச் சொல்வேன். ஏத்தர்காரர்கள் போன மாதிரி.

வழிகாட்டி வாசு

அவர்கள் இரண்டு வருடம் போகவில்லை. சில மாதம்தான். நீங்களே மேலே எழுதியிருக்கிறீர்கள்.

பம்ப்செட் பழனி

போனார்களா, இல்லையா?

புதுவரவு_செந்தில்

வணக்கம். தலைப்பில் ஏத்தர் என்று பார்த்து உள்ளே வந்தேன். வீட்டு உபயோகத்துக்கு ஏத்தரின் ரிஸ்டா ஸ்கூட்டர் வாங்கலாமா? கோவையில் சர்வீஸ் எப்படி?

பம்ப்செட் பழனி

என் மருமகன் வைத்திருக்கிறான். வண்டி நன்றாகத்தான் இருக்கிறது, சீட் அகலம், மேட்டில் திணறவில்லை. மாணவர்கள் செய்த வண்டி மாதிரித் தெரியவில்லை.