ஓணானுக்குச் சினை ஊசி போட முடியுமா? விந்தணு ஓட்டம் பற்றி ஒரு சந்தேகம்

மலைமாடு (தலைகுந்தா):
18 வருஷமா எங்க ஊட்டிப் பக்கத்து ஜெர்ஸி கலப்பு மாடுகளுக்குச் சினை ஊசி போட்டுட்டு வர்றேன். நைட்ரஜன் கேன்ல இருந்து உறைவிந்துக் குச்சியை எடுத்து, 37 டிகிரி தண்ணியில 30 விநாடி வச்சு, துடைச்சு, மாட்டுக்குள்ள விந்து செலுத்துற கன்ல (நீளக் குழல்) ஏத்துவேன். பனிக்காலத்துல அந்தக் கன்னைச் சட்டைக்குள்ள நெஞ்சோட அணைச்சுக்கிட்டுத்தான் கொட்டகை வரைக்கும் நடப்பேன். இளக்கின விந்து திரும்பக் குளிர்ந்துட்டா ஊசி வீண். சினை பிடிக்காம 21 நாள்ல மாடு மறுபடி பருவத்துக்கு வந்து கத்தும்.

போன ஜனவரியில ஒரு காலை, புல்லெல்லாம் உறைபனி. தீவனம் அறுக்கப் போன இடத்துல, மஞ்சப்பூ முள்ளுப் புதருக்குள்ள பச்சை ஓணான் ஒண்ணு விறைச்சுக் கிடந்தது. செத்துப்போச்சுன்னே நினைச்சேன். வெயில் ஏறினதும் முதல்ல கண்ணு திறந்தது, அப்புறம் முன்னங்கால் கிளையைப் பிடிச்சது. உயர்ந்த மலையில மட்டும் இருக்குற சாலியா இனம்னு பிறகு தெரிஞ்சுக்கிட்டேன்.

உடம்பே இப்படி ஆறிப்போனா உள்ளே இருக்குற விந்தணு என்ன ஆகும்? அதோட ஓட்டத்தை, அதாவது அது நீந்திப் போறதைப் பார்த்து, அழிஞ்சு வர்ற இனங்களுக்கு ஊசி போட முடியுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கண்ணாடித்தகடு:
அண்ணே, ஆய்வுக்கூடத்துல சில வருஷம் பாம்பு விந்து பார்த்தவன் நான். நீங்க கேட்டதுதான் இந்த வேலையோட மையமே.

காளை விந்துன்னா ஓடுறது நல்லது, கிடக்குறது கெட்டதுன்னு பழகியிருப்போம். ஊர்வனவுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. ஆண் உடம்புல விந்து நாளத்துல காத்திருக்கும்போது அணு பெரும்பாலும் அசையாமத்தான் இருக்கும். பெண்ணோட முட்டைக்குழாய்லயும் மாசக்கணக்கா தங்கும். சில பாம்புகள்ல வருஷக்கணக்கா. அசையாம இருக்குறதுதான் அதுக்குச் சேமிப்பு.

பாம்போட வயித்துப் பக்கம் கழிவுத்துளையை நோக்கி மெதுவா நீவினா ஒரு துளி வரும். சில சமயம் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையா யூரிக் அமிலமும் கலந்து வரும். அது சேர்ந்தா அந்தத் துளியை நம்ப முடியாது. சுத்தமான துளியை நுண்ணோக்கியில வச்சா, மெல்லிசா நீண்ட தலையோட ஒவ்வொரு அணுவும் ஒரு நூலிழை மாதிரி தெரியும். ஆறின தகட்டுல எல்லாம் கிடக்கும். ஒருநாள் நானே "செத்தது"ன்னு எழுதிட்டு, தகட்டைச் சூடாக்குற வெதுப்புத் தட்டை 28 டிகிரிக்கு ஏத்தினேன். முதல்ல வால் நுனி நடுங்கிச்சு, அப்புறம் ஒண்ணொண்ணா நெளிஞ்சு முன்னே போச்சு. அதுக்கப்புறம் சூட்டைக் குறிக்காம ஓட்டத்தை எழுதினதே இல்லை. முன்னே போறதையும் இருந்த இடத்துலயே துடிக்குறதையும் தனித்தனியா எண்ணுவோம்.

ஊசி சாத்தியம்தான். அமெரிக்காவுல சோளப்பாம்புக்கு இப்படிச் செய்து குஞ்சு பொரிஞ்சிருக்கு. உறைய வைக்குறதுதான் கஷ்டம். உறையும்போது அணுவைக் காக்க உங்க குச்சியில இருக்குற கிளிசராலையும் முட்டை மஞ்சள் கருவையும் இதுலயும் முயற்சி பண்றாங்க, ஆனா இளக்கினதும் ஓட்டம் நிறையக் குறையுது. காஃபீன் சேர்த்தா சில இனங்கள்ல ஓட்டம் திரும்புது.

இன்னொண்ணு, குஞ்சு வந்துட்டாலும் அது நம்ம ஊசியால வந்ததுன்னு சொல்லிட முடியாது. பழைய சேமிப்பு விந்தா இருக்கலாம், ஆணே இல்லாம பெண் தானா ஈன்றதாவும் இருக்கலாம். மரபணு பார்த்தாத்தான் தெரியும்.

காட்டுப்பாதை (கூடலூர்):
ஒரு வேண்டுகோள். ஓணானைப் பிடிச்சுப் பார்க்க யாரும் கிளம்பிடாதீங்க. 1972 வன உயிரினச் சட்டப்படி எழுத்து அனுமதி வேணும். வண்டியில அடிபட்டுச் செத்ததைக்கூட அனுமதி இல்லாம எடுக்காதீங்க.

அவசரம் வேண்டாம்னு சொல்றதுக்கு வேற காரணமும் உண்டு. சீனாவுல சூஜோ விலங்குக் காட்சிச்சாலையில யாங்சே பெரிய மென்னோட்டு ஆமையின் பெண்ணுக்கு அஞ்சாவது முறையா செயற்கைக் கருவூட்டல் பண்ணின மறுநாளே, 2019 ஏப்ரல்ல, அது செத்துப்போச்சு. உலகத்துல விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே மிச்சமிருந்த இனம். அப்படியொரு நிலை வர்றதுக்கு முன்னாடியே, நிறைய இருக்குற இனங்கள்ல இந்த ஓட்டத்தைப் படிச்சு முடிச்சிருக்கணும்.

மலைமாடு (தலைகுந்தா):
ரொம்ப நன்றி. பிடிக்க மாட்டேன், அது என் வேலியிலேயே இருக்கட்டும். கண்ணாடித்தகடு தம்பி, ஒண்ணே ஒண்ணு: அந்தத் தட்டுல சூட்டை எவ்வளவு நேரத்துல ஏத்தினீங்க? எங்க 30 விநாடிக் கணக்கு இதுக்கு ஒத்துவராதுன்னு தோணுது.

கண்ணாடித்தகடு:
வராது அண்ணே. ரெண்டு ரெண்டு டிகிரியா ஏத்தி, ஒவ்வொரு படியிலயும் 5 நிமிஷம் விட்டேன். முதல் நிமிஷத்துலயே எண்ணியிருந்தா அன்னைக்கும் "செத்தது"ன்னுதான் எழுதியிருப்பேன்.