வால்வ் ப்ரீஆம்பும் ஸ்டீல் கிடாரும்: வெயில் ஏறியதிலிருந்து வரும் உர்ர் சத்தம்

காட்பாடி ஸ்டீல்:

எல்லோருக்கும் வணக்கம். நான் வாசிப்பது எட்டுக் கம்பி லேப் ஸ்டீல் (மடியில் கிடத்தி, பார் என்கிற எஃகுத் துண்டைக் கம்பி மேல் சறுக்கி வாசிக்கும் கிடார்), சி6 டியூனிங். பெரியப்பா ஒரு மெல்லிசைக் குழுவில் ஹவாயன் கிடார் வாசித்தவர். அவரிடம் பழகியது, இப்போது ஞாயிறு ஆராதனையில் கீர்த்தனைகளுக்கு வாசிக்கிறேன்.

அமெரிக்காவில் இருக்கும் அத்தை மகன் போன டிசம்பரில் ஒரு வால்வ் ப்ரீஆம்ப் (கிடாரின் சன்னமான சிக்னலை ஆம்புக்குப் போகும் முன் பெருக்கும் பெட்டி) கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே ஒரே ஒரு வால்வ், அதாவது கண்ணாடிக் குழாய், 12ஏஎக்ஸ்7. அது 120 வோல்ட் சாமான் என்பதால் வோல்டேஜை இறக்கும் ஒரு ஸ்டெப்-டவுன் பெட்டி வாங்கி, அதன் வழியாகப் போடுகிறேன். முதல் நாள் வாசித்தபோதே எனக்குக் கண் கலங்கிவிட்டது. பார் சறுக்கி நிற்கிற இடத்தில் ஸ்வரம் ஒல்லியாகிச் செத்துப்போகாமல், கடைசி வரைக்கும் சதைப்பற்றோடு இருந்தது. பெரியப்பா வாசித்த மாதிரியே.

பிரச்சினை இதுதான். ஆரம்பத்திலேயே லேசாக உர்ர் என்று ஒரு சத்தம் இருந்தது. ஏப்ரல் கடைசியிலிருந்து தாங்கவில்லை. பாரைக் கம்பி மேல் வைத்திருக்கும்போது குறைகிறது, தூக்கினால் ஏறுகிறது. ஒரு கடையில் காட்டினேன், வால்வ் போய்விட்டது என்றார்கள். இரண்டாயிரம் ரூபாய்க்குப் புதுசு வாங்கிப் போட்டும் அதே சத்தம்.

இன்னும் இரண்டு கேள்விகள். அடிக்கம்பிகளை அழுத்தி மீட்டினால் சத்தம் உடைகிறது, எனக்குச் சுத்தமான சத்தம்தான் வேண்டும். வால்யூம் பெடல் ப்ரீஆம்புக்கு முன்னால் வர வேண்டுமா, பின்னால் வர வேண்டுமா?

குடியாத்தம் மைக்செட்:

ஃபேன் ரெகுலேட்டரைப் பாருங்கள் அண்ணா. வெயில் வந்ததும் ஃபேன் போட ஆரம்பித்திருப்பீர்கள். திருகுகிற எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் இருந்தால் பாதி வேகத்தில் வைக்கும்போது ஸ்டீல் பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள்) அந்த இரைச்சலை அப்படியே பிடிக்கும். முழு வேகத்தில் வையுங்கள், இல்லை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் வாசிக்கிறீர்களா என்பதையும் சொல்லுங்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் என்றால் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள எந்த சாமானும் கத்தும், சூடும் ஆகும். சைன் வேவ் என்றால் பயமில்லை.

கொசப்பேட்டை வால்வ்:

தம்பி, நான் வேலூரில் நாற்பது வருடத்துக்கு மேல் ரேடியோ ரிப்பேர் பார்த்தவன். மர்ஃபி ரேடியோவிலிருந்து கல்யாண வீட்டு ஆம்ப்ளிஃபையர் வரைக்கும் வால்வ் செட்டோடுதான் வாழ்ந்தேன். உங்கள் பதிவைப் படித்ததும் அந்த இரண்டாயிரம் ரூபாய்க்காக மனசு கஷ்டமாக இருந்தது. பாரைத் தூக்கினால் சத்தம் ஏறுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பாரைத் தூக்கியது வால்வுக்கு எப்படித் தெரியும்? உங்கள் கை கம்பியைத் தொடுவதில் வித்தியாசம் வருகிறது என்றால் கோளாறு எர்த்திலும் சுற்றியிருக்கிற இரைச்சலிலும்தான்.

முதலில் ப்ரீஆம்பின் தகர உடம்பில் டெஸ்டர் வைத்துப் பாருங்கள். லேசாக எரிந்தாலும் எர்த் போய்ச் சேரவில்லை. அப்புறம் அந்த ஸ்டெப்-டவுன் பெட்டி. இந்தப் பெட்டிகள் பலவற்றில் உள்ளே போகிற வயரில் மூன்று பின் இருக்கும், வெளியே கொடுக்கிற சாக்கெட்டில் எர்த் இணைத்திருக்க மாட்டார்கள். அமெரிக்க மூன்று பின் பிளக் அதில் அழகாக உட்காரும், எர்த் மட்டும் காற்றில் தொங்கும். எல்லா பிளக்கையும் பிடுங்கி வைத்துவிட்டு, சுவரில் போகிற பிளக்கின் பெரிய பின்னிலிருந்து ப்ரீஆம்ப் உடம்பு வரைக்கும் மீட்டரில் கன்டின்யூட்டி, அதாவது இணைப்பு அறுபடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பீப் வரவில்லை என்றால் குற்றவாளி அந்தப் பெட்டிதான்.

ஆனால் ப்ரீஆம்ப் கேபிளின் மேல்வலை வழியாக ஆம்பின் எர்த்தையும் பிடித்துக்கொள்ளும். அதுவும் உதவவில்லை என்றால் வீட்டு எர்த்தே சரியில்லை. எர்த் குழி எங்கே இருக்கிறது? உப்பும் கரியும் போட்டுப் புதைத்த குழி ஈரமாக இருந்தால்தான் வேலை செய்யும். கத்திரி வெயிலில் நம் ஊர் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்போது அதில் எர்த் எங்கிருந்து வரும்? இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். பழைய வயர்மேன்கள் சித்திரையில் வீடு வீடாக இதைச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

சத்தம் போக வேண்டும் என்று எர்த் பின்னை உடைத்துவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். எஃகுக் கம்பியில் ஒரு கை, எஃகு பாரில் ஒரு கை வைத்திருக்கிறவர் நீங்கள். மைக்கில் உதடு பட்டு ஷாக் அடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது வால்வ். அது நிஜமாகவே கெட்டால் காட்டிக்கொடுக்கும். ஆன் செய்து வைத்து, பென்சிலின் மரமுனையால் கண்ணாடியை மெல்லத் தட்டுங்கள். லேசான டொக் சத்தம் சகஜம். கிணுங் என்று மணி மாதிரி நீண்டால் மைக்ரோபோனிக் ஆகிவிட்டது, அதாவது அதிர்வையெல்லாம் மைக் மாதிரி சத்தமாக்குகிறது. உச்சியில் இருக்கிற வெள்ளிப்பூச்சு பால் வெள்ளையாகிவிட்டால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, தூக்கிப் போட வேண்டியதுதான். படபட என்று பொரிந்தால் அனேகமாக பின்னில் ஏறிய களிம்பு. ஆஃப் செய்து, ஆறவிட்டு, வால்வைச் சாக்கெட்டில் நான்கு முறை ஏற்றி இறக்கினாலே பாதி குணமாகும். உங்கள் பழைய வால்வை எறிந்துவிடாதீர்கள், அது நன்றாகவே இருக்கும். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் வால்வ் ஒன்று இருபது வருடமாக என் ரேடியோவில் ஓடிக்கொண்டிருக்கிறது. ப்ரீஆம்ப் வால்வுக்கு வேலை குறைவு, ஆயுள் அதிகம்.

அதன் ஆயுளைத் தின்பது வோல்டேஜ். வால்வுக்குள் சூடேற்றும் இழையான ஹீட்டருக்கு 6.3 வோல்ட், பத்து சதவீதம் கூடக் குறையத் தாங்கும். லைனில் 230 இருக்க வேண்டிய இடத்தில் சாயங்காலம் 190 வந்தால் ஹீட்டருக்கு 5.2தான் போகும், சத்தம் சோர்ந்துவிடும். நடு ராத்திரி 255 ஏறினால் கிட்டத்தட்ட 7 வோல்ட். ஒரு நல்ல ஸ்டெபிலைசர் போடுங்கள். அமெரிக்காவின் 60 சைக்கிள் (ஹெர்ட்ஸ்) கரண்டுக்குச் செய்த டிரான்ஸ்ஃபார்மர் நம் 50 சைக்கிளில் கொஞ்சம் கூடுதலாகச் சுடும், அதனால் மேலே துணியைப் போர்த்தியபடி ஓட்டாதீர்கள். வாசிக்கும் முன் பத்து நிமிடம் காய விடுங்கள். முடிந்ததும் சூட்டோடு பையில் திணிக்காதீர்கள்.

சத்தம் உடைவதற்கு: 12ஏஎக்ஸ்7-க்குப் பெருக்கம் 100. அதே பின் அமைப்பில் 12ஏடி7-க்கு 60, 12ஏயு7-க்கு 20 பக்கம். ப்ரீஆம்பில் இவற்றை மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். உங்களுக்கு 12ஏயு7 பிடிக்கும் என்று நினைக்கிறேன். சென்னையில் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் விசாரியுங்கள்.

மூடியை மட்டும் நீங்களாகத் திறக்க வேண்டாம். நிறைய ப்ரீஆம்பில் 250 வோல்ட்டுக்கு மேல் டிசி இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் தங்கியிருக்கும்.

ஆற்காடு ஸ்லைடு:

ஐயா சொன்ன பிறகு எனக்குச் சொல்ல மிச்சம் பெடல் மட்டும்தான். கிடார், ப்ரீஆம்ப், அப்புறம் பெடல். பிக்கப்பை நேராக 500 கே (கிலோ ஓம்) பெடலில் செருகினால் பெடலை இறக்கும்போதெல்லாம் மேல் ஸ்தாயி மங்கும், பஞ்சு அடைத்த மாதிரி ஆகும். வால்வின் உள்வாயில் வழக்கமாக ஒரு மெகா ஓம் இருக்கும், பிக்கப்புக்கு அது சுமையே இல்லை. பெடல் பின்னால் போனால் எந்த இடத்தில் கால் இருந்தாலும் ஒரே நிறம். நான் கோட்டுவாத்தியம் கேட்டு ஸ்டீலுக்கு வந்தவன். இழைத்துப் போகிற கமகத்துக்கு நடுவில் நிறம் மாறினால் பாட்டே வேறாகத் தெரியும்.

காட்பாடி ஸ்டீல்:

ஐயா, நேற்று சாயங்காலம் எல்லாம் செய்து பார்த்தேன். டெஸ்டர் எரிந்தது. மீட்டரில் பீப் வரவில்லை. தெரிந்த வயர்மேன் பெட்டியைத் திறந்தார். பச்சை வயர் உள்ளே வந்து, எங்கேயும் இணையாமல் டேப் சுற்றிக் கிடந்தது. வேறு சாக்கெட் மாற்றி எர்த்தை இணைத்துக் கொடுத்தார். எர்த் குழி எங்கே என்று அம்மாவுக்குத்தான் தெரிந்திருந்தது, துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால். மேலே செங்கல் அடுக்கியிருந்தோம். மூன்று குடம் ஊற்றினேன், மண் சர்ரென்று குடித்துவிட்டது. டெஸ்டர் இப்போது எரியவில்லை.

ஃபேனைப் பாதியில் வைத்தால் இன்னும் மெல்லிய இரைச்சல் உண்டு, மைக்செட் அண்ணா சொன்னது சரி. முழு வேகத்தில் இல்லை. ரெகுலேட்டரை ஸ்டெப் மாடலாக மாற்றப் போகிறேன்.

பெடலைப் பின்னால் மாற்றி ராத்திரி பத்தரை வரைக்கும் வாசித்தேன். பாரைத் தூக்கினேன், அறையில் ஒரு சத்தமும் இல்லை. அடுத்த சனிக்கிழமை ரிச்சி தெரு போகிறேன், 12ஏயு7 வாங்க. ஐயாவுக்கு ஏதாவது வால்வ் வேண்டுமென்றால் சொல்லுங்கள், வாங்கி வந்து வீட்டிலேயே கொடுத்துவிடுகிறேன்.

கொசப்பேட்டை வால்வ்:

எனக்கு ஒரு 6பிக்யூ5 வால்வ் (இஎல்84 என்றும் சொல்வார்கள்) கிடைத்தால் போதும் தம்பி, இசிஎல்84 மாதிரி வேறு எதையாவது தலையில் கட்டுவார்கள், எழுத்தைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். வரும்போது ஸ்டீலையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.