அனிமே தலைப்புகள் ஆங்கிலத்துக்குப் போகும்போது: என் அனுபவம்

ஜப்பானிய மொழி படிக்க ஆரம்பித்து ஒரு வருஷம் கழித்துத்தான், எத்தனையோ தடவை பார்த்த ஸ்பிரிட்டட் அவே (2001) என்ற அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன் படத்தின் அசல் தலைப்பை எழுத்துக் கூட்டிப் படித்தேன். சென் தொ சிஹிரோ நோ காமிகாகுஷி. 'காமி' என்றால் தெய்வம், 'காகுஷி' என்றால் ஒளித்துவைப்பது. அந்தக் காலத்து ஜப்பானில் ஒரு குழந்தை திடீரென்று காணாமல் போனால் தெய்வம் ஒளித்துவைத்துவிட்டது என்பார்களாம். இதுவரைக்கும் ஆங்கிலம் நன்றாகவே செய்திருக்கிறது, 'ஸ்பிரிட்டட் அவே' என்ற சொற்றொடருக்குள் ஆவியும் இருக்கிறது, சுவடு தெரியாமல் மறைவதும் இருக்கிறது. ஆனால் முன்பாதி மொத்தமாகப் போய்விட்டது. சென், சிஹிரோ என்று இரண்டு பேர் போலத் தெரியும், இரண்டும் ஒரே சிறுமிதான். சிஹிரோ என்று எழுத இரண்டு கான்ஜி, அதாவது சீனத்திலிருந்து வந்த எழுத்துகள் வேண்டும். படத்தில் வரும் சூனியக்காரி யுபாபா அவள் பெயரைப் பிடுங்கிக்கொண்டு அதில் முதல் எழுத்தை மட்டும் விட்டுவைக்கிறாள், அதைத் தனியாக வாசித்தால் 'சென்', அதாவது ஆயிரம். சொந்தப் பெயரை மறந்தால் வீடு திரும்ப முடியாது என்பதுதான் படத்தின் உயிரே, அது தலைப்பிலேயே இருந்திருக்கிறது! அன்றைக்கு ராத்திரியே மறுபடி போட்டுப் பார்த்தேன், ஒப்பந்தத் தாளிலிருந்து எழுத்துகள் எழும்பிப் போகிற இடத்தில் கண் கலங்கிவிட்டது.

அட்டாக் ஆன் டைட்டன் என்ற அனிமே தொடரின் தலைப்பு இன்னொரு வகை. ஷிங்கெகி நோ க்யோஜின் என்றால் முன்னேறித் தாக்கும் ராட்சதன். ஆங்கிலத்தில் படித்தால் ராட்சதன் மேல் யாரோ பாய்வது மாதிரி இருக்கிறது, தாக்குகிறவன் யார் என்பதே திரும்பிவிட்டது. ஜப்பானியத் தலைப்பு ஒருவனா பலரா என்றும் காட்டிக்கொடுக்காது. கதை வெகுதூரம் போன பிறகுதான் அதன் அர்த்தம் புரியும். பார்க்காதவர்களுக்காக இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எனக்கு ரொம்பப் பிடித்த தலைப்பு மிமி ஓ சுமாசெபா (1995). ஆங்கிலத்தில் விஸ்பர் ஆஃப் த ஹார்ட், இதயத்தின் கிசுகிசுப்பு. அழகுதான், ஆனால் மூலத்தில் இதயமும் இல்லை, கிசுகிசுப்பும் இல்லை. 'மிமி' காது. 'சுமாசு' என்பது தெளியவைப்பது, கலங்கிய தண்ணீர் தெளிவதற்குச் சொல்கிற அதே சொல்லின் உறவு. காதைத் தெளியவைத்துக் கேட்டால், அவ்வளவுதான், கேட்டால் என்ன ஆகும் என்று சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். நாமும் 'கேட்டால்' என்று வினையின் கடைசியில் 'ஆல்' போட்டு அப்படியே நிறுத்தலாம். ஆங்கிலத்தில் 'இஃப்' முன்னாடியே வந்து நின்றுகொள்ளும், அந்தத் தொக்கி நிற்கிற சுகம் வராது.

கிமி நோ நா வா (2016) தலைப்பும் இப்படித்தான், அதில் கடைசி 'வா' அடுத்து ஏதோ வரப்போகிறது என்று சொல்கிற ஒட்டு. யுவர் நேம் என்றதும் அது வெறும் பெயராகிவிட்டது. வகுப்பில் அவரவர் தாய்மொழியில் சொல்லச் சொன்னபோது நான் "உன் பேரு…" என்று இழுத்து நிறுத்தினேன். மேலே ஒரு சொல்லும் தேவைப்படவில்லை.