ஆமைக்குக் கண் வீங்கியிருக்கிறது, வேலூரில் யாரிடம் காட்டலாம்?

வணக்கம். காட்பாடியில் இருக்கிறோம். எங்கள் சிவப்புக்காது ஆமைக்கு 4 நாளாக இரண்டு கண்ணும் வீங்கி மூடியிருக்கிறது, தீனியைத் தொடுவதில்லை. ஓட்டின் ஓரமும் லேசாக அமுங்குகிறது. இத்தனை நாள் காய்ந்த இறால் மட்டும்தான் போட்டேன். வைட்டமின் ஏ, கால்சியம் குறைந்தால் இப்படி ஆகும் என்று இப்போதுதான் படித்தேன். மனசே ஆறவில்லை.

ஜன்னலோரம் வெயில் படும்படிதான் தொட்டி இருந்தது. ஆனால் ஓடு உறுதிப்படத் தேவையான புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடுமாம். மொட்டை மாடியில் வைக்கலாமென்றால், நம் ஊர் வெயிலில் தொட்டித் தண்ணீர் கொதித்துவிடுமே! காலையில் பாதி நிழலோடு அரை மணி நேரம் வைத்தால் போதுமா?

வேலூரில் ஆமைக்கு வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவர் யாரையாவது தெரியுமா? இல்லை, சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே போக வேண்டுமா? அப்படியென்றால் ரயிலில் ஈரத்துணி விரித்த டப்பாவில் கொண்டுபோகலாமா? தெரிந்தவர்கள் இன்றே சொல்லுங்கள், ப்ளீஸ்.