கோஸ்டாரிகாவில் சந்தித்த பங்குனி ஆமை

காசிமேட்டு மருமகன்:

பயணத்தில் மறக்க முடியாத சந்திப்பு எது என்று இங்கே கேட்டிருந்தார்கள். மணமான ஆறாம் ஆண்டில் நானும் மனைவியும் கோஸ்டாரிகாவில் வாடகைக் கார் எடுத்துப் பன்னிரண்டு நாட்கள் சுற்றினோம். எரிமலை, காடு, கடற்கரை மூன்றையும் பார்த்துவிடுவது என்று கிளம்பிய நாங்கள், அக்டோபர் அங்கே கடும் மழைக்காலம் என்பதைப் பயணச்சீட்டு எடுத்த பிறகுதான் கவனித்தோம். ஆகையால் அரெனால் எரிமலையைப் பற்றி நான் சொல்லக்கூடியது அதிகமில்லை. லா ஃபோர்த்துனாவில் தங்கிய இரண்டு நாட்களும் அது மேகத்தை விட்டு வெளியே வரவேயில்லை. வெறும் மலை என்று நம்பி அதன் அடிவாரத்தில் குடியிருந்தவர்களின் ஊர்கள் 1968 ஜூலை 29 அன்று அழிந்தன என்பதையும், எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர் என்பதையும், 2010க்குப் பிறகு மலை அடங்கியிருக்கிறது என்பதையும் விடுதித் திண்ணையில் உட்கார்ந்து படித்ததோடு சரி.

கார் ஓட்டியவர் மனைவி, வழி சொன்னவன் நான். சாலையின் வலப்பக்கம் ஓட்ட அவர் ஒரே நாளில் பழகிவிட்டார். எனக்குத்தான் முகவரிகள் பிடிபடவில்லை. தேவாலயத்துக்கு வடக்கே இருநூறு மீட்டர் என்பது அங்கே ஒரு முழு முகவரி, அதிலும் நூறு மீட்டர் என்றால் ஒரு தெருமுனையிலிருந்து அடுத்த முனை என்றுதான் பொருள். தலைநகர் சான் ஹோசேயை ஒட்டிய சான் பெத்ரோவில், இப்போது இல்லாத ஓர் அத்திமரத்தை அடையாளமாக வைத்து இன்றும் வழி சொல்கிறார்கள். 2020இல் மூடப்பட்ட அகஸ்தியா திரையரங்கைச் சொல்லித் தண்டையார்பேட்டையில் ஆட்டோ பிடிக்கும் நமக்கு இது ஒன்றும் வியப்பில்லை.

மோந்தேவெர்தேயின் மேகக்காட்டில் மழை பெய்யாமலே நனைந்தோம். மரக்கிளைப் பாசியில் தங்கும் மேகம்தான் அங்கே சொட்டுகிறது. அந்தக் காட்டை முதலில் ஒதுக்கிக் காத்தவர்கள், அமெரிக்காவில் கட்டாய இராணுவச் சேவையை ஏற்காமல், 1948இல் இராணுவத்தையே கலைத்த இந்த நாட்டைத் தேர்ந்தெடுத்து 1951இல் வந்து குடியேறிய குவேக்கர்கள் என்ற கிறித்தவப் பிரிவினர் என்று தெரிந்தபோது, அவர்களே தொடங்கிய அந்த ஊரின் பாலாடைக்கட்டித் தொழிலுக்கும் காட்டுக்கும் ஒரே குடும்பக் கதை இருப்பது புரிந்தது.

நான் சொல்ல வந்தது ஒஸ்தியோனல் பற்றி. நிக்கோயா தீபகற்பத்தில் உள்ள அந்தச் சிறு கடலோர ஊருக்குப் போகும் மண்சாலையில் ஓர் ஆறு குறுக்கிட்டது. பாலம் இல்லை. நாங்கள் திகைத்து நிற்பதைப் பார்த்த ஓர் இளைஞர், மோட்டார் சைக்கிளைக் கரையில் சாய்த்துவிட்டு, முழங்காலளவு நீரில் அக்கரை வரை நடந்து காட்டித் திரும்பிவந்து, தம் பின்னாலேயே வரும்படி கையசைத்தார். ஊரில் காத்திருந்த வழிகாட்டி அவருடைய அக்காள்.

அரிபாதா, அதாவது கூட்ட வருகை, என்று அவர்கள் சொல்லும் நாட்கள் அவை. ஆயிரக்கணக்கான ஆமைகள் சில இரவுகளுக்குள் ஒரே கரையில் ஏறி முட்டையிடுகின்றன. சிவப்பு விளக்கின் வெளிச்சத்தில் முதல் ஆமையைக் கண்டதும் மனைவி, "இது நம்ம பங்குனி ஆமை" என்றார். விசைப்படகு வைத்திருந்தவரின் மகள் அவர்; அந்த ஆமையைச் சிறு வயதிலிருந்தே கரை ஒதுங்கிய பிணமாக மட்டுமே பார்த்து வளர்ந்தவர். இங்கே அது பெருமூச்சு விட்டது, எங்கள் கால்களின் மேல் மணலை வாரி இறைத்தது, குழியை மூடியபின் உடலை இடமும் வலமும் ஆட்டி ஈர மணலைத் தட்டிக் கெட்டிப்படுத்தியது. பலகையால் தரையை அறைவது போன்ற அந்த ஓசை கரை நெடுகக் கேட்டது.

விடிந்ததும் ஊர் ஆண்கள் குதிகாலால் மணலை அழுத்தி முட்டைக்குழிகளைக் கண்டுபிடிக்க, பெண்கள் முட்டைகளை எடுத்து மூட்டை கட்டினார்கள். மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது. பின்னால் வரும் ஆமைகள் முதலில் இட்ட குழிகளைத் தோண்டி எப்படியும் சிதைத்துவிடும் என்பதால், முதல் 36 மணி நேரம் ஊரார் முட்டை எடுக்கச் சட்டமே அனுமதிக்கிறது என்றும், அதற்கு ஈடாகக் கரையைச் சுத்தம் செய்வதும் குஞ்சுகளை நாய், கழுகுகளிடமிருந்து காப்பதும் தங்கள் வேலை என்றும் வழிகாட்டி பொறுமையாக விளக்கினார். பிறகு உங்கள் ஊரில் எப்படி என்று கேட்டார். ஆமையையோ முட்டையையோ தொட்டாலே குற்றம், ஆனால் 2025 ஜனவரியில் எங்கள் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின என்று மனைவி கைப்பேசியின் வழியே சொன்னார். மொழிபெயர்ப்பில் ஏதோ பிழை என்று எண்ணி அந்தப் பெண் மறுபடியும் சொல்லச் சொன்னார்.

ராயபுரம் கப்பல்காரன்:

சரக்குக் கப்பலில் வேலை பார்த்தபோது அந்நாட்டின் கால்டேரா துறைமுகத்தில் இறங்கியிருக்கிறேன். கிடைத்த அரை நாளில் தார்க்கோலெஸ் ஆற்றுப் பாலத்துக்குப் போய், சேற்றில் மரக்கட்டைகளைப் போலக் கிடந்த முதலைகளை எண்ணினோம். இருபதைத் தாண்டியதும் விட்டுவிட்டோம்.

நாகூரார் தோட்டத்துப் படகுக்காரர்:

தம்பி, உங்கள் மனைவி சொன்னது உண்மை, ஆனால் எங்கள் பக்கமும் ஒன்று இருக்கிறது. இழுவலையை மணிக்கணக்கில் இழுத்துக்கொண்டே போகிறோம். அவ்வளவு நேரம் ஆமையால் மூச்சடக்க முடியாது, வலைக்குள்ளேயே மூழ்கிச் செத்துவிடுகிறது. ஆமை தப்பிக்க வலையில் கம்பிச்சட்டம் வைக்கச் சொல்கிறார்கள். அந்த வழியாக மீனும் போய்விடும் என்ற பயத்தில் பலர் வைப்பதில்லை, நானும் நெடுநாள் வைக்கவில்லை. உயிரோடு ஆமை வந்தால் என் தகப்பனார் அதன் ஓட்டில் மஞ்சள் தடவித்தான் கடலில் விடுவார். ஒஸ்தியோனல்காரர்களுக்கு ஆமையால் வீட்டில் அடுப்பு எரிகிறது, எங்களுக்கு அப்படி யாரும் எந்த வழியும் காட்டவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

கொருக்குப்பேட்டை அக்கா:

ஆற்றில் இறக்கிய காருக்கு என்ன ஆயிற்று?

காசிமேட்டு மருமகன்:

மாமா, நீங்கள் சொன்னதை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். அவருடைய தந்தையும் இதையே சொல்வாராம்.

அக்கா, ஆற்றில் இறக்கினால் வாடகைக் காரின் காப்பீடு செல்லாது என்று ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்ததை நாங்கள் பார்க்கவில்லை. நல்லவேளையாக எஞ்சினுக்குள் நீர் புகவில்லை, முன்பக்க எண் பலகை மட்டும் ஆற்றோடு போய்விட்டது. மூன்றாம் நாள் நாங்கள் திரும்பியபோது ஆற்றங்கரை வேலியில் அதைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.