சூழல் விதியா, சூழல் கதியா?

நண்பர்களே,

தூக்கிப்போட்ட டயப்பருக்குள் இருக்கும் மீயுறிஞ்சு பலபடிக்கு (நீரை ஏராளமாக உறிஞ்சிப் பிடிக்கும் பாலிமருக்கு) மண்ணிலும் நீரிலும் என்ன ஆகிறது என்பதைக் குறிக்கும் ‘environmental fate’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு, நம் வரைவில் ஐயா ஒருவர் ‘சூழல் விதி’ என்று முன்வைத்திருக்கிறார். தலையெழுத்து என்ற பொருளில்தான் சொல்கிறார், புரிகிறது. ஆனால் ‘பலபடிகளின் சூழல் விதிகள்’ என்று ஒரு தலைப்பைப் பார்க்கிறவர் அரசு போட்ட சட்டதிட்டம் என்றுதான் படிப்பார், அவர் மேல் தப்பில்லை. ‘சூழல் போக்கு’ என்றால் டிரெண்ட் ஆகிவிடுகிறது. ‘சூழல் முடிவு’ இதைவிட மோசம், முடிவே வராமல் கிடப்பதுதானே இங்கே பிரச்சினை.

ஒரு புது டயப்பரைக் கிழித்து, பஞ்சோடு கலந்திருக்கும் வெள்ளைக் குருணையை உதறி, ஒரு தேக்கரண்டி அளவு கிண்ணத்தில் போட்டுத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் ஜெல்லி மாதிரி உப்பி நிற்கும், பிழிந்தாலும் தண்ணீர் விடாது. அதன் மேல் சாப்பாட்டு உப்பைத் தூவிக் கலக்கினால் தளர்ந்து நீர்த்துப்போகும். முதல் தடவை செய்தபோது பொருளே கரைந்துவிட்டது என்று நினைத்தேன். கரையவில்லை. அந்தக் குருணை, அதாவது சோடியம் பாலிஅக்ரிலேட், தன் எடையைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு தூய நீரைப் பிடிப்பது ஊடுபரவல் அழுத்தத்தால் (உள்ளே அயனிகள் கூடுதலாக இருப்பதால் வெளி நீர் உள்ளே இழுக்கப்படுகிறது). வெளியே உப்பு கூடினால் அந்த இழுப்பு குறைகிறது, சிறுநீரில் சில பத்து மடங்கோடு நின்றுவிடுவதும் இதனால்தான். வெளியே வந்தது நீர் மட்டும், பலபடி அப்படியே இருக்கிறது. மண்ணில் கால்சியம் அயனிகள் ஏறினால் இன்னும் சுருங்கி இறுகும். குறுக்குப் பிணைப்புகளோடு (சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டும் இணைப்புகளோடு) இருக்கும் அந்தக் கார்பன் சங்கிலியை நுண்ணுயிர்கள் அறுப்பது மிக மெதுவாக நடக்கிற வேலை, குட்டையாக உடைந்த துண்டுகளைத்தான் அவை ஓரளவு எளிதாகத் தின்னும்.

ஆக வீங்குவது, சுருங்குவது, உடைவது, நீரோடு அடித்துப்போவது, மண்துகளில் ஒட்டிக்கொள்வது எல்லாம் ஒரே சொல்லுக்குள் வர வேண்டும். அதனால் ‘சூழல் கதி’ என்று வைக்கலாம் என்கிறேன். ‘அவன் கதி என்ன ஆயிற்று’ என்று கேட்கும்போது எங்கே போனான், என்ன ஆனான் என்று இரண்டையும் சேர்த்தே கேட்கிறோம், இந்தத் துறையும் அந்த இரண்டைத்தான் தேடுகிறது. இலங்கைப் பாடநூல்களில் கதி என்றால் ஸ்பீடு, உண்மைதான், ஆனால் முன்னால் ‘சூழல்’ நிற்கும்போது யாரும் அப்படி எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வடசொல் என்று தள்ளுவதானால் விதியையும் சேர்த்துத்தான் தள்ள வேண்டும்.

அப்புறம், வரைவில் ‘மக்கும்’ என்று வரும் இடங்களை ஒருமுறை பார்த்துவிடுங்கள். துண்டாவதற்குச் ‘சிதைதல்’ என்றும், நுண்ணுயிர் தின்று கரியமில வாயுவும் நீருமாக்குவதற்கு மட்டும் ‘மக்குதல்’ என்றும் பிரித்து எழுத வேண்டும். இப்போது இருக்கிறபடி படித்தால் கண்ணுக்குத் தெரியாமல் போன குருணை மக்கிவிட்டது என்று ஆகிறது.