கலைச்சொல்: பிஸ்டனில் சிராய்ப்பு, சிலிண்டரில் அப்பல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

என்ஜின் கேடுகளின் ஆங்கிலப் பெயர்களுக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் பேச்சில், ஸ்கஃபிங்குக்கு (scuffing) நான் ‘சிராய்ப்பு’ என்கிறேன். அதற்கு வந்த கேள்வி இது:

> ஸ்கஃபிங்குக்கு ‘உராய்வுச் சேதம்’ போதுமே, புதிதாக எதற்கு ஒரு சொல்?

போதாது என்பதே என் எண்ணம். உராய்வு நன்றாக ஓடும் என்ஜினிலும் எந்நேரமும் உண்டு. தேய்மானம் பல்லாயிரம் கிலோமீட்டரில் மெல்ல மெல்ல நடப்பது. ஸ்கஃபிங் இரண்டும் அல்ல. எண்ணெய்ப் படலம் ஓரிடத்தில் அறுந்ததும் பிஸ்டனின் அலுமினியம் சிலிண்டர் சுவரை நேராகத் தொட்டு, ஒட்டி, பிய்கிறது. சில நொடிகள் போதும்.

சைக்கிளிலிருந்து விழுந்த பிள்ளையின் முழங்காலை நினைத்துப் பாருங்கள். மேல்தோல் வழன்று, ஒரே திசையில் கோடுகோடாக இருக்கும். பிஸ்டனின் பக்கச்சுவரும் அப்படியேதான் தெரிகிறது. சிராய்ப்பு என்ற சொல்லில் ‘ஆழமான வெட்டு இல்லை, பதற வேண்டாம்’ என்பதும் சேர்ந்தே வருகிறது. வீட்டில் என்ஜினைப் பிரித்து வைத்திருப்பவருக்கு முதலில் தெரியவேண்டியதும் அதுதான்.

பட்டறையில் ‘கோடு விழுந்திருக்கு’ என்பார்கள். எனக்குப் பிடித்த வழக்குதான், ஆனால் அது இரண்டு வெவ்வேறு கேடுகளை ஒன்றாக்கிவிடுகிறது. என் பழைய வண்டியின் என்ஜினைப் பிரித்தபோது சிலிண்டரில் நான்கைந்து கோடுகளைப் பார்த்து, போர் (bore, சிலிண்டரின் உள்துளை) போய்விட்டது என்றே நினைத்தேன். நகத்தைக் குறுக்கே ஓட்டினால் பள்ளம் இல்லை, மேடு! பிஸ்டனில் பிய்ந்த அலுமினியம் வார்ப்பிரும்பின் மேல் அப்பியிருந்தது. நீர்த்த காஸ்டிக் சோடாவைப் பஞ்சில் தொட்டு வைத்தேன், நுரைத்துக் கரைந்தது. அது அலுமினியத்தைத் தின்னும், இரும்பை விட்டுவிடும். (கையுறை, கண்ணாடி, நல்ல காற்றோட்டம் கட்டாயம். சிலிண்டரே அலுமினியம் என்றால் பக்கத்தில்கூடக் கொண்டுபோகக் கூடாது.) கழுவித் துடைத்து எண்ணெய் பூசிப் பார்த்தால், அடியில் ஹோனிங் கோடுகள் (சிலிண்டர் சுவரைத் தீட்டும்போது இடும் மெல்லிய குறுக்குக் கோடுகள்) அப்படியே இருந்தன. ஆகவே மேட்டுக்கு ‘அப்பல்’, பள்ளத்துக்குக் ‘கீறல்’ என்று பிரித்தே வைப்போம். இந்த வேறுபாடு தெரியாமல் நல்ல சிலிண்டரைக் கடைசலுக்குக் கொடுப்பவர்கள் உண்டு.

பிஸ்டனிலும் நகம்தான் முதல் அளவுகோல். நகம் சிக்காத சிராய்ப்பு என்றால், 600 அல்லது அதைவிட நைஸான எமரித் தாளை எண்ணெயில் நனைத்து, துருத்தி நிற்பதை மட்டும் தேய்த்து எடுக்கலாம். பக்கச்சுவரைச் சுற்றி ஓடும் மெல்லிய கடைசல் வரிகளை வழவழப்பாக்கிவிடாதீர்கள், எண்ணெயைப் பிடித்து வைப்பவை அவை. அப்புறம் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் உள்ள இடைவெளியை அளக்காமல் பூட்ட வேண்டாம். சிராய்ப்பு மேலேறி, பிஸ்டன் வளையம் உட்காரும் காடியை நசுக்கி, வளையத்தை அசையவிடாமல் செய்திருந்தாலோ, எங்காவது விரிசல் கண்டாலோ, பிஸ்டனை மாற்றத்தான் வேண்டும்.

பிஸ்டன் சிலிண்டரில் சிக்கி நின்றுபோகும் சீஷருக்கு (seizure) ‘இறுகல்’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். நான் ‘பிடிப்பு’ என்பேன். ‘என்ஜின் பிடிச்சுக்கிச்சு’ ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. சூட்டில் அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிவதால் பிஸ்டன் நெருக்கிப் பிடித்துக்கொள்கிறது. ஆறியதும் சில சமயம் தானே விட்டுவிடுகிறது, கழுத்துப் பிடிப்பு மாதிரி. சிமெண்ட் இறுகினால் இளகாது அல்லவா?

பிஸ்டனின் பக்கச்சுவரை ஆங்கிலத்தில் ஸ்கர்ட் (skirt) என்பார்கள், அதற்குப் ‘பாவாடை’ மட்டும் வேண்டாம். அங்கே தொங்குவது எதுவும் இல்லை, பக்க அழுத்தத்தைத் தாங்குகிற பகுதி அது. பிஸ்டனின் மேல்முகத்தைத் தலை என்கிறோம், அப்படியானால் இது ‘விலா’. விலாச் சிராய்ப்பு என்று சொல்லிப் பாருங்கள், இடமும் காயமும் உடனே புரிகிறது.

ஒன்று மீதி. இரண்டு வளையக் காடிகளுக்கு நடுவே எழும்பி நிற்கும் பட்டைக்கு என்ன சொல்லலாம்? வயலுக்கு வயல் நடுவே இருப்பதால் ‘வரம்பு’ என்று தோன்றுகிறது. ‘எல்லை’ என்ற பொருளோடு மோதுமா என்று தயங்குகிறேன். வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.